ஜெயித்த டாங்கி

அன்று மதியம் என் டாங்கிகளில் ஒன்று இயக்குநர் நவாதாவின் சாப்பாட்டுப் பெட்டிமேல் ஏறிவிட்டது. அதை நகர்த்தும் கம்பியை இழுத்தவன் நான்தான். உப்பில் ஊறிய பிளம் பழம் சக்கரப்பட்டையில் சிக்கிக்கொள்ள, ஊறுகாய் மணத்தோடு எங்கள் படை டோக்கியோவைக் காக்கப் புறப்பட்டது. ஒரு சாப்பாட்டுப் பெட்டியையாவது நசுக்க முடிந்ததே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஏனென்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, பதினோரு வருடமாக ராட்சத மிருகப் படங்களுக்கு முழ நீளப் பொம்மை டாங்கிகள் செய்கிறேன். முந்நூறுக்கு மேல் இருக்கும். ஒன்றுகூட ஜெயித்ததில்லை. வரிசையாக வரும், சுடும், மிருகம் கொசு கடித்ததுபோல் சொறிந்துகொள்ளும், பிறகு மிதிக்கும். போரிலும் நான் டாங்கிப் படைதான். அங்கே எதிரி வருவதற்குள் எங்களுக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஆக, தோற்பது எனக்குப் பழக்கம். பிடித்தம் என்று சொல்ல முடியாது.

மிருக உடுப்புக்குள் இருந்தவர் இஸேக்கி. நல்ல மனிதர். நாற்பது கிலோ ரப்பர். உள்ளேயிருந்து அவராகக் கழற்ற முடியாது. முதுகு ஜிப்பைத் திறப்பதும் என் பொறுப்பு. மூச்சு முட்டினால் தொடையில் இரண்டு முறை தட்டுவார். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு.

"ஹனவா சான், இன்னிக்காவது உங்க டாங்கி எனக்குக் கொஞ்சம் கிச்சுக்கிச்சு மூட்டுமா?" என்றார், உடுப்புக்குள் கால் விடும்போது.

"முயற்சி பண்றேன்" என்றேன்.

முயன்றேன். டாங்கிக் குழலில் நான் வைக்கும் வெடிமருந்து வழக்கமாக ஒரு சிட்டிகை. அன்று மூன்று தேக்கரண்டி. தேக்கரண்டி சின்னதுதான்.

முதல் குண்டிலேயே மிருகம் பின்வாங்கியது. மார்பில் தீப் பிடித்தது. கைகளால் அதை அணைக்கப் பார்த்து, மண்டியிட்டது. "அப்பிடித்தான், இஸேக்கி, விட்றாத" என்றார் நவாதா. கேமரா மூன்று மடங்கு வேகத்தில் ஓடியது. அப்போதுதான் திரையில் மிருகம் மலை சரிவதுபோல் மெதுவாக விழும். இங்கே ஒரு நொடி என்றால் அங்கே மூன்று நொடி.

இஸேக்கி தொடையில் தட்டினார். இரண்டு முறை. மறுபடியும் இரண்டு முறை. நடிப்பா நிஜமா என்று எனக்குச் சந்தேகம். சந்தேகத்தில் இருப்பவன் அவசரப்படக்கூடாது அல்லவா. யோசித்தேன், பதினாறு நொடி. திரையில் அது நாற்பத்தெட்டு. பிறகுதான் ஜிப்பைத் திறந்தேன்.

மறுநாள் ஒப்புக்கொள்ளலாம் என்று நவாதாவிடம் போனேன். நான் மன்னிப்புக் கேட்டுக் குனிவதற்குள் அவர் குனிந்துவிட்டார். "கட் சொல்லாதது என் தப்பு, ஹனவா சான்." அளவைச் சரிபார்க்காதது தன் தவறு என்று வெடிமருந்துக்காரர் குனிந்தார். ஸ்டுடியோ முதலாளி பழக்கூடையோடு வந்து எல்லோரையும்விடத் தாழக் குனிந்தார். நான் எவ்வளவு வளைந்தாலும் எனக்குக் கீழே ஒரு முதுகு இருந்தது. நீங்களும் 'விபத்து' என்று எழுதிக்கொண்டு, எங்கள் வேலையைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனீர்கள்.

அதைத் திருத்தி எழுதச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நேற்று இஸேக்கியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, ஜெயித்த டாங்கியையே துடைத்து, நாடா கட்டி எடுத்துப்போனேன். அவர் மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். தீயில் வெந்த அவர் விரல்கள் இனி மடங்காதாம். அந்த அம்மாள் டாங்கியைப் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை.

"இஸேக்கி சான், எனக்கு நெசமாவே சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றேன். "தப்பு யாரு மேல? நீங்களாவது சொல்லுங்க."

இவரும் மன்னிப்புக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினார்.

"வெளிய பாக்குறதுக்கு உடுப்போட கழுத்துல ரெண்டு ஓட்டை இருக்குல்ல? தட்டும்போதெல்லாம் அது வழியா உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். அதுல சந்தேகம்னு ஒண்ணும் இல்ல, ஹனவா சான். சிரிச்சுக்கிட்டே எண்ணிட்டிருந்தீங்க."