செல்வதாஸ் வாங்கின முழ நீளக் கத்தி

புது வேலை, புது ஊருன்னு கிளம்புறவங்க எல்லாம் கை தூக்கினீங்க... சரி, இறக்கிக்கோங்க. உங்களுக்காகவே ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன், கேளுங்க.

செல்வதாஸ்னு ஒருத்தர், மார்த்தாண்டத்துக்காரர். நியூசிலாந்துல லாரி ஓட்டுறார். மனைவி பிரிஸ்கில்லா அங்கேயே ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அந்த நாட்டுல அனுமதி வாங்கினா மான் சுடலாம். இவருக்கும் ஆசை வந்துடுச்சு. துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தார். கடைக்குப் போனார். துப்பாக்கியோட சேர்த்து என்ன வாங்கினார் தெரியுமா? முழ நீளத்துக்கு ஒரு கத்தி! முதுகுப் பக்கம் ரம்பப் பல்லு... தொடையில கட்டிக்க பட்டை வேற!

பிரிஸ்கில்லா பார்த்தாங்க.

"ஏங்க, மான் சுடப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?"

"வேட்டைன்னா சும்மாவா?"

"நாங்க மனுஷன் வயித்தையே விரல் நீளக் கத்தியிலதான் திறக்கிறோம். இது உங்க கைக்கு அடங்காது."

"வேட்டையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் நானும் வர்றேன்."

அந்தம்மா பையில என்ன இருந்துச்சு? கட்டுத்துணி, கம்பளிச் சட்டை, தீப்பெட்டி, ஒரு விசில். அவ்வளவுதான். இவர் சிரிச்சார்.

காட்டுக்குப் போன முதல் நாளே இவர் சுட்டதுல மான் விழுந்துச்சு. விழுந்த இடத்துலயே குடலை எடுக்கணும், இல்லேன்னா கறி கெட்டுடும். கத்தியை உருவினார். பிடியெல்லாம் மான் ரத்தம்... வழுக்குது... ஒரே இழுப்பு! மான் வயிறு கிழியல. இவர் இடது கை கிழிஞ்சது. எலும்பு தெரியுது!

"பிரிஸ்கி... நான் செத்துடுவேனா?"

"பேசாம என் முகத்தைப் பாருங்க. நான் கையை எடுக்க மாட்டேன்."

துணியை வச்சு ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சாங்க. பல்லுல விசிலைக் கடிச்சுக்கிட்டு ஊதினாங்க... ஊதினாங்க... ரெண்டு மணி நேரம்! வேற வேட்டைக்காரங்க சத்தம் கேட்டு வந்து தூக்கிட்டுப் போனாங்க. உயிர் பிழைச்சார். ரெண்டு விரல் மட்டும் இன்னைக்கும் முழுசா மடங்காது.

"இனி காடே வேண்டாம்"னார் செல்வதாஸ்.

பிரிஸ்கில்லா என்ன சொன்னாங்க? "ஒரு உசுரை எடுத்துட்டு, கறியை அழுக விட்டுட்டு வந்துருக்கோம். எனக்கு மனசு ஆறல. ஒழுங்கா கத்துக்கிட்டுப் போவோம்."

அவங்களே லைசென்ஸ் எடுத்தாங்க. ஒரு கறிக்கடையில ஞாயிறு தோறும் நின்னு ஆடு உரிக்கப் பழகினாங்க. அடுத்த வருஷம் சுட்டது அவங்க. சின்னக் கத்தியால சுத்தமா அறுத்ததும் அவங்க. செல்வதாஸ் மான் காலைப் பிடிச்சுக்கிட்டார்!

தம்பிமாரே, தங்கச்சிமாரே... பார்க்கிறவன் அசந்து போகணும்னு எதையும் சுமந்துட்டுப் போகாதீங்க. உங்க கைக்கு அடங்குறதை எடுங்க. கை தவறினா என்ன செய்வேன்னு கிளம்பும்போதே யோசிங்க. அதுக்கு மேலயும் அடி விழும்... விழட்டும்! அடிபட்ட இடத்தோட நின்னுடாதீங்க. என்ன தெரியலையோ அதைக் கத்துக்கிட்டு, அதே காட்டுக்குத் திரும்பப் போங்க.

போவீங்களா?

...கேக்கல. சத்தமா!