ஆரோக்கியமான ரத்தம்

அன்று காலை என் கணவர் விஜயன், சட்னி போதவில்லை என்று குறைபட்டுக்கொண்டே இரண்டாவது தோசையையும் முடித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மேலே ஏற்றினார். ரத்தம் கேட்டிருந்தது நான்தான்.

"எடுத்துக்க லா. ஓசி ரத்தம். சாயங்காலம் ஒரு கிளாஸ் தே தாரிக் மட்டும் வாங்கிக் கொடுத்துடு."

டாக்டர், நீங்கள் எழுதித் தரச் சொன்னதை என் மகள் லோஷினியும் படிப்பாள். அப்பாவின் ரத்தப் பரிசோதனையை விசாரிக்கச் சொல்லி மனுக் கொடுத்தவள் அவள்தான். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மோனோசைட் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. நம் லேபில் உள்ள இயந்திரம் அவற்றை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிடும். ஒவ்வொரு அணுவும் திரையில் ஒரு புள்ளியாக விழும். புள்ளிகள் மூன்று கூட்டமாகச் சேரும். எது எந்தக் கூட்டம் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எல்லைக்கோட்டை நாங்கள்தான் வரைகிறோம். ஆரோக்கியமானவர்களுக்கு முதல் கூட்டம் பெரிதாக இருந்தாலும் மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியும். ஒரு வகை ரத்தப் புற்றில் முதல் கூட்டம் ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

அந்த வாரம், அணுக்களுக்குச் சாயமேற்றும் மருந்தின் புதுத் தொகுதி வந்திருந்தது. கோடுகளைப் புதிதாக வரைய, நோயில்லாத சிலருடைய ரத்தம் வேண்டும். எல்லா லேபிலும் போல நாங்களும் எங்களுக்குள்ளேயே எடுத்துக்கொள்வோம். என்னோடு வேலை செய்யும் ஜாஹிதா கொடுத்தாள், சாம்பிள் கொண்டுவரும் ஜமால் கொடுத்தார். இன்னும் ஒருவர் தேவைப்பட்டார். குளிர்பெட்டியில் வைத்து, கூலாயில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஜொகூர் பாரு லேபுக்கு விஜயனுடைய ரத்தத்தை நானே கொண்டு போனேன்.

திரையில் ஒரே ஒரு கூட்டம்தான் இருந்தது.

ஜாஹிதா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அலமாக், இது யாரோட பிளட் சந்திரா? ஒரு மாதிரி இருக்கே."

"புது மருந்துல்ல. கோடு இன்னும் சரியா உட்காரல."

"அப்ப கொஞ்சம் நகர்த்திப் பாரு."

நகர்த்தினேன். முதல் கூட்டத்தின் ஓரத்துப் புள்ளிகள் இரண்டாவதில் போய் எண்ணப்படும் வரை நகர்த்தினேன். இப்போது ஜாஹிதாவும் நார்மல், ஜமாலும் நார்மல், அவரும் நார்மல். சேமித்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். உங்கள் மேல் தவறில்லை. ஆரோக்கியமானவர் என்று எழுதியிருந்த ரத்தத்தை யார் சந்தேகிப்பார்கள்?

ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். விஜயனுடைய அப்பாவும் ரத்தப் புற்றில்தான் போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இவர் அழுததை நான் பார்த்தவள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பாகூட இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பேசியிருப்பேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அந்த அழுகையை அவர் இன்னொரு முறை அழக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ரத்தம் கொடுத்த மறுநாள் சாப்பாட்டுக் கடையில் விஜயன் நண்பர்களிடம் பெருமையடித்தார். "டேய், இவங்க லேப்ல என் ரத்தம்தான் ஸ்டாண்டர்டு. உங்க எல்லாரையும் என்னை வெச்சுத்தான் அளக்கப் போறாங்க."

"சிங்கப்பூர்க்காரன் ரத்தம், டாலர்ல ஓடுது" என்றார் அவருடைய கூட்டாளி மனோகரன், அவர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதை வைத்து. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தீபாவளிக்குத் துணி எடுக்கத் தங்காக் போனபோது பாதியிலேயே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கையில் நீலத் திட்டுகள். லோஷினி பயந்துபோய், "அப்பா, கிளினிக் போலாம்" என்றாள்.

"உங்கம்மா டெஸ்ட் பண்ணிட்டா. நான் நார்மல்மா" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிற அலுப்பு என்றேன். அவர் நம்பினார். என் வேலையில் அவருக்கு எப்போதும் மரியாதை உண்டு.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, இறங்கவில்லை. இதற்கு முன் ஏதாவது பரிசோதனை செய்ததுண்டா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இல்லை என்றேன். முன்பே தெரிந்திருந்தால் சில வருடங்கள் கிடைத்திருக்கலாம் என்றார் அந்த டாக்டர். பயந்து பயந்து வாழும் வருடங்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன். கடைசி நாளில் லோஷினி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். அவருக்கு நினைவில்லை.

நீங்கள் கேட்டது அவருடைய ரத்தத்தைப் பற்றி மட்டும்தான். அதற்கான பதில் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கோடு அவருக்கு மட்டும் வரைந்ததல்ல. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரையும் அதை வைத்துத்தான் பிரித்தோம்.

சாஆ என்ற ஊரிலிருந்து ஒருவருடைய சாம்பிள் வந்தது. செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர் என்று ஜமால் சொன்னார். திரையில் அவருடைய படம் அச்சு அசலாக விஜயனுடையது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்கு இதமாக இருந்தது. நார்மல் என்று அனுப்பிவைத்தேன். அவரைப் போல இன்னும் சிலர் வந்தார்கள்.

கோட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவது பெரிய வேலையில்லை. மவுஸை அழுத்திப் பிடித்து இழுத்தால் போதும். ஆனால் இழுத்த அந்த நிமிடமே விஜயன் நோயாளி ஆகிவிடுவார். வீட்டில் அவர் இல்லை, பாலத்தில் இல்லை. அந்தக் கோட்டுக்குள் மட்டும் இன்னும் சுகமாக இருக்கிறார். என் கையாலேயே எப்படி அவரை வெளியே தள்ளுவேன்?

இன்று காலையும் சாம்பிள்கள் வந்தன. எல்லாம் நார்மல். கோடு அதே இடத்தில் இருக்கிறது.