கிணற்றில் எடுத்த அரூபப் படம்

பாஸ்போர்ட் படத்தில் யாரும் அழகாக விழுவதில்லை, ஐயா. அதற்கு நான் பொறுப்பல்ல. நீங்கள்கூட என் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டீர்கள். காது பெரிதாக வந்துவிட்டது என்று வருத்தப்பட்டீர்கள். இருக்கிற காதுதானே வரும்.

என் பெயர் உமாபதி. அப்பா தறி நெய்தார். எனக்குத் தறியில் உட்காரப் பொறுமையில்லை, காமிராவுக்கு வந்துவிட்டேன். காஞ்சிபுரத்தில் போட்டோ என்றால் கல்யாணம், சாமி, சவம். மூன்றுக்கும் மாலை உண்டு. மூன்றிலும் யாரும் சிரிப்பதில்லை. இதில் சலித்துப்போய்த்தான் அரூபப் படங்கள் எடுக்க ஆரம்பித்தேன். முகம் கிடையாது, மாலை கிடையாது. சாயப்பட்டறை வாய்க்காலில் மிதக்கும் நுரை, சுவரில் உரிந்து தொங்கும் சுண்ணாம்பு, இப்படி.

எடுத்தால் நாலு பேர் பார்க்க வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்டூடியோவில் கூடுவோம். ஜவுளிக்கடை சிட்டிபாபு, தபால் ஆபீஸ் சீனிவாசன், கட்சிக் கூட்டங்களைப் படமெடுக்கும் கோதண்டபாணி, நான். ஆளுக்கொரு படத்தைக் கொடியில் மாட்டுவோம். மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். சிட்டிபாபு எதைப் பார்த்தாலும் நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் "பாக உந்தி" என்பான். கழுதையைக் காட்டினாலும் அதையேதான் சொல்வான். சீனிவாசன் கான்ட்ராஸ்டைப் பற்றி நெடுநேரம் பேசுவார். என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது.

கோதண்டபாணி அபிப்பிராயம் சொல்லமாட்டான். கண்டுபிடிப்பான்.

'மேகங்களின் மௌனம்' என்று ஒரு படம் வைத்தேன். அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "இது இட்லித் துணிதானே உமாபதி?" என்றான். இட்லித் துணிதான். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்த எல்லோருக்கும் பசிதான் எடுத்தது. அடுத்து ஒரு கல்தூணில் படிந்திருந்த எண்ணெய்த் தடத்தைக் கொண்டுவந்தேன். வரதர் கோயில் தூண் என்றான். பிரசாதம் வாங்கித் தின்றவர்கள் கை துடைக்கிற இடம் என்றும் சேர்த்துச் சொன்னான். அதுவும் சரிதான்.

அவன் கெட்டவன் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். என் அம்மா இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவன். எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது. அவனால் கண்டுபிடிக்க முடியாத ஒரு படம் எடுக்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டேன். கலைஞனுக்கு அந்த ஆசை நியாயம்தானே.

முசரவாக்கம் பக்கம் ஒரு பாசனக் கிணறு இருக்கிறது. ஐப்பசி மழையில் பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள் தண்ணீர்வரை இறங்குகின்றன. நிழலுக்குள் வெளிச்சத்தைத் திருப்ப, கண்ணாடி பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று கோதண்டபாணியைக் கூப்பிட்டேன். உடனே வந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. நம் பாலாற்றில் மணலைத் தவிர என்ன ஓடுகிறது, நீச்சல் கற்றுக்கொள்ள?

கண்ணாடியோடு இறங்கி நின்றான். அவனுக்கு ஒரு படி மேலே நான். "கெணத்துத் தண்ணிய எடுக்கற. இப்பவே கண்டுபுடிச்சிட்டேன்பா," என்று சிரித்தான். வெளிச்சம் பத்தவில்லை, இன்னும் ஒரு படி இறங்கு என்றேன். இறங்கினான். கல் புரண்டது. விழுந்தான்.

என் காமிரா இடுப்புயரத்தில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கிற வகை. அதில் இடம் வலமாகத் தெரியும், வலம் இடமாகத் தெரியும். அவன் கை என் பக்கம் நீண்டபோது வேறு பக்கம் போவதுபோலத்தான் எனக்குத் தெரிந்தது. பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"உமாபதி, கை குடுபா," என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னான். பிறகு சொன்னது விளங்கவில்லை. வாயில் தண்ணீர் போய்விட்டது. மோட்டார் கொட்டகையில் கயிறு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. போய் எடுத்து வருவதற்குள் தண்ணீர் அடங்கிவிடும். பிலிம் தீரும்வரை எடுத்தேன். பிறகு ஊருக்குள் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தேன். உண்மையிலேயே ஓடினேன். விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு சிட்டிபாபுவும் சீனிவாசனும் வந்தார்கள். கொஞ்சம் அழுதார்கள், நானும் அழுதேன். பிறகு புதுப் படத்தை மாட்டினேன். கறுப்புக்குள் வெள்ளிக் கோடுகள், ஒன்றையொன்று கிழித்துக்கொண்டு போகும். சிட்டிபாபு "பாக உந்தி" சொல்லவில்லை. "இதுல இன்னாவோ ஒண்ணு உயிரோட இருக்குது," என்றார் சீனிவாசன். அவர் உருப்படியாகச் சொன்ன ஒரே அபிப்பிராயம் அதுதான். என்ன படம் என்று இருவருமே கேட்கவில்லை. எனக்கு அன்று நிம்மதியான தூக்கம்.

கருமாதிக்கு மாலை போடப் பெரிய படம் வேண்டும் என்று கோதண்டபாணியின் மனைவி ரேணுகாம்பாள் வந்தாள். அவன் படத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் கொடியின் எதிரில் போய் நின்றுவிட்டாள். படத்தின் ஓரத்தில், கோடுகளுக்கு நடுவே, வெள்ளையாகத் தெரிந்த ஒன்றைத் தொட்டாள்.

"அண்ணா, இது அவரு சுண்டுவிரலு. கோணலா இருக்குது பாருங்க."

தேடி எடுத்த படத்தை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"உயிரோட இருக்கும்போதா எடுத்தீங்க?"

அரூபப் படத்தில் அப்படியெல்லாம் தேடக் கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். புரிந்துகொள்ளவில்லை. படத்தைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

தள்ளினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தள்ளவில்லை. முதல்நாள் சாயங்காலமே வெளிச்சம் பார்க்க அங்கே தனியாகப் போயிருந்தேன். கல்லை விட்டெறிந்து பார்த்தேன். அலை வட்டம் வட்டமாக, காலண்டர் படம் மாதிரி வந்தது. அது யார் வேண்டுமானாலும் எடுக்கிற படம். திரும்பி ஏறும்போது ஒரு படி என் காலடியிலேயே ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தேன். அந்தப் படியில்தான் அவனை இறங்கச் சொன்னேன். ஆடுகிறது என்று தெரிந்துதான் சொன்னேன். வேறு எப்படி அந்த அலை கிடைக்கும்?

எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படம் உங்கள் மேசையில்தானே இருக்கிறது, ஐயா. கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். விரலை விட்டுவிடுங்கள், தண்ணீரை மட்டும் பாருங்கள். எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நீங்கள்தான் இன்னும் சொல்லவில்லை. எப்படி இருக்கிறது?