இன்னெஸின் தவணைத் தாள்

– போன வாட்டி வந்தப்ப பிரிண்டர் கெட்டுப்போச்சுன்னே. அதுக்கு முந்தி, ஃபைல் அபர்டீனுக்குப் போயிருக்குன்னே. இன்னிக்கு என்ன சொல்லப் போறே, ரோனா?

– முதல்ல உள்ள வந்து உக்காருங்க, ஆலெக் அண்ணே. தொப்பலா நனைஞ்சிருக்கீங்க. டீ போடறேன்.

– டீ குடிக்க வரலை. எம்மவன் வரி ஆபீஸ்காரங்களோட ஒரு தவணை ஒப்பந்தம் போட்டானே, அதுல ஒரு காப்பி குடு. வாங்கிட்டுப் போயிருதேன். அவன் கணக்கு வழக்கெல்லாம் நீதான பாத்தே? உங்கிட்ட இல்லாம வேற யாருகிட்ட இருக்கும்?

– இன்னெஸ் கணக்கை நான்தான் பாத்தேன், இல்லேங்கலை. ஆனா செத்துப்போனவங்க காகிதத்தை நான் பாட்டுக்கு எடுத்து நீட்ட முடியாதுண்ணே. சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல.

– எங்கிட்டயே சட்டம் பேசுதியா? உங்கப்பன் சவப்பெட்டியைக் குழியில இறக்கினப்ப தலைமாட்டுக் கயித்தைப் பிடிச்சவன் நான், பாத்துக்க.

– அதை நான் மறப்பேனா?

– மறக்கலைன்னா குடு.

– நீங்க ஏன் இதுக்காக இப்படி அலையறீங்கன்னுதான் எனக்குப் புரியலை. இன்னெஸ் போயிட்டான். அவன் வரியைப் பத்தி இனிமே உங்களை யாரும் கேக்கப் போறதில்லை.

– கேக்கமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த ஆபீஸுக்கே போன் போட்டுட்டேன். ஒண்ணை அமுக்குன்னான், அமுக்கினேன். மூணை அமுக்குன்னான், அதையும் அமுக்கினேன். காது புளிக்கப் பாட்டுப் போட்டான். கடைசியில ஒரு பொண்ணு வந்துச்சு. நான் இன்னெஸ் கார்ட்னோவோட அப்பா பேசுதேன், அவன் தவணைத் தாள்ல ஒரு காப்பி வேணும்னேன். அவரையே பேசச் சொல்லுங்க சார்னுச்சு.

– ஐயோ.

– அது மேல தப்பில்ல. கடல்ல போயிட்டான்மான்னு சொன்னதும் மன்னிச்சிருங்க சார்னுச்சு. இறப்புச் சான்றிதழையும் நான்தான் வாரிசுன்னு ஒரு தாளையும் அனுப்பிவைங்க, அவர் பேர்ல இருக்கற எல்லாத்தையும் மொத்தமா தபால்ல அனுப்பிடுறோம்னுச்சு. ரெண்டும் கவர்ல போட்டு என் கோட்டுப் பையில இருக்கு. நீ இன்னிக்கும் கையை விரிச்சா நான் நேரா தபாலாபீஸுக்குத்தான் போவேன்.

– எல்லாத்தையும் அனுப்பறேன்னா சொன்னாங்க?

– ஆமா. ஏன்?

– ஒண்ணுமில்லை. இந்தாங்க டீ. அந்தத் தாள் யாருக்கு வேணும்? அதையாவது சொல்லுங்க.

– ஈஃபிக்கு. அவ கையில குடுக்கணும்.

– ஈஃபி அக்கா எப்படி இருக்காங்க?

– இருக்கா. அடுப்புல மீன் சூப்பு தீய்ஞ்சு வீடு பூரா புகையுது, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கா. ராத்திரி சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிடுதா. சர்ச்சுக்கு வர்றதில்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்ல. முப்பது வருசத்துக்கு மேல என்னை ஏசாம தூங்காதவ, பாத்துக்க. ஏசமாட்டாளான்னு ஏங்கிக் கிடக்கேன்.

– மொதல்லேர்ந்தே அப்படியா?

– இல்ல. அடக்கம் பண்ணின புதுசுல வாய் ஓயாம அழுதா. ‘நான்தான் எம்மவனைக் கொன்னேன், என் நாக்குதான் கொன்னுச்சு’ன்னு. அது கூடத் தேவலை, கேட்டியா. திடீர்னு ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வாரேன், வாயடைச்சுப்போய் உக்காந்திருக்கா. அன்னிலேர்ந்து இப்படித்தான்.

– நாக்கு கொன்னுச்சுன்னா என்னண்ணே அர்த்தம்?

– உனக்குத் தெரியாதா? அவன் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை எங்க கூடச் சாப்பிட வந்திருந்தான். வாய் தவறிச் சொல்லிட்டான். வரி பாக்கி சேந்துபோச்சு, மாசாமாசம் தவணையில கட்டுதேன், அடுத்த வருசமும் கழிஞ்சு மார்ச்சுல முடிஞ்சிரும்னு. உப்பை இங்க தள்ளுங்கங்கற மாதிரிதான் சொன்னான். ஈஃபிக்கு மூஞ்சி செத்துப்போச்சு. எங்க வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வருசக் கடைசி ராத்திரி பன்னெண்டு மணி அடிக்கதுக்குள்ள அடுப்புச் சாம்பலை வெளிய கொட்டிரணும், வீட்டைப் பெருக்கிரணும், எவனுக்கும் ஒரு பென்னி பாக்கி வைக்கப்படாது. ரொட்டிக்கடைக்காரனுக்குக் கூட.

– எங்க வீட்டுலயும் அப்படித்தானே.

– அப்ப அவ சொன்னதும் உனக்குப் புரியும். ‘மணி அடிக்கறப்ப நீ கடன்காரனா நிப்பே. அதனால இந்த வருசம் நம்ம வாசல்ல மொதக் காலை நீ எடுத்து வைக்க வேண்டாம். நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்’னுட்டா.

– இன்னெஸைப் பாத்தா அப்படிச் சொன்னாங்க? புது வருசத்துல மொதல்ல வாசல் மிதிக்கறவன் கருப்பு முடிக்காரனா இருந்தாத்தானே யோகம், நம்ம தெருவுல அந்த மாதிரிக் கருப்பு முடி வேற யாருக்கு இருக்கு? பன்னெண்டு அடிச்சதும் அவன் கரித்துண்டோட வந்து கால் வெச்சாத்தானே எங்க வீட்டுலயே பாட்டிலைத் திறப்போம்.

– எல்லார் வீட்டுலயும் அப்படித்தான். அவனுக்கு அதுல ஒரு பெருமை. பத்து வயசுலேர்ந்து செய்தான். அவ சொன்னதும் எந்திரிச்சான், கோட்டை மாட்டினான், போயிட்டான். கிழங்கு பாதி தட்டுலயே கிடந்துச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போறான் விடு, அவங்கம்மாவாச்சு அவனாச்சுன்னு உக்காந்திருந்தேன்.

– அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை.

– ஆமா. விடியக்காலையில நண்டு பிடிக்கற கூடுகளைக் கடல்ல போட்டுட்டு வாரேன்னு போனான். மத்தியானம் படகு மட்டும் எஞ்சின் ஓடின மேனிக்கு முனைக்கு அந்தால வட்டமடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. உடம்பு பத்து நாள் கழிச்சுத்தான் கரை ஒதுங்குச்சு. கூட்டுக் கயிறு காலைச் சுத்தி இழுத்துட்டுப் போயிருக்கும்னு ஊரே சொல்லுச்சு. நானும் அதைத்தான் சொல்லுதேன். இந்தத் துறைமுகத்துல அப்படிப் போனவங்க கொஞ்சமா? ஆனா ஈஃபி நம்பலை. இப்ப பேசாட்டியும் எனக்குத் தெரியும், அதையேதான் மனசுக்குள்ள போட்டு உருட்டுதா. இப்படியே போனா அவளையும் நான் தூக்கிக் குடுத்துருவேன், ரோனா.

– அதுக்கு அந்தத் தாள் என்ன பண்ணும்?

– யோசிச்சுப் பாரு. சாகணும்னு நெனைக்கறவன் அடுத்த வருசமும் கழிஞ்சு வர்ற மார்ச்சு வரைக்கும் மாசாமாசம் கட்டுதேன்னு எவனாவது ஒத்துக்கிடுவானா? ரெண்டு புது வருசத்துக்குக் கடன்காரனா நிக்கத் தயாரா இருந்திருக்கான். அவன் குணத்துக்கு அது லேசுப்பட்ட காரியமா? வாழணும்னு நெனைச்சவன்தான் அப்படி ஒத்துக்கிடுவான். அந்தத் தாளைக் கொண்டுபோய் அவ மடியில வெச்சு, பாருடி, இவன் உன் பேச்சால போகலை, கயித்தாலதான் போனான்னு சொல்லணும். வாயால சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். அரசாங்கத்துத் தாள்னா நம்புவா.

– அந்த ஒப்பந்தம் போட்டப்ப அவன் வாழணும்னுதான் நெனைச்சான். அது சத்தியமான வார்த்தை. வசந்த காலத்துல, இந்த மேசைகிட்ட உக்காந்துதான் போன்ல பேசினான். டீசலுக்கு எவ்வளவு, கூட்டுல வைக்கற இரைக்கு எவ்வளவுன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டதுக்கு, ஞாயித்துக்கிழமை எங்கம்மா வீட்டுல ஓசிதான்னான். அந்தப் பக்கத்துலேர்ந்து சிரிக்கற சத்தம் கேட்டுது.

– அப்படியா சொன்னான்?

– அப்படித்தான் சொன்னான்.

– கேட்டியா, இதைத்தான் நான் சொல்லுதேன். குடும்மா அந்தத் தாளை.

– வேண்டாம்ண்ணே. இன்னொரு நாள் பாக்கலாம்.

– இன்னொரு நாளா? சரி, நான் தபாலாபீஸுக்கே போறேன். நீ நல்லா இரு.

– அண்ணே, நில்லுங்க. அந்தக் கவரைப் போடாதீங்க.

– வழியை விடு.

– போட்டா அவங்க எல்லாத்தையும் அனுப்பிடுவாங்க. தபால்காரர் கையால வாங்கி, வாசல்ல நின்னுக்கிட்டு நீங்க தனியா அதைப் படிக்கக் கூடாது. அதுக்கு நானே சொல்லிடறேன். உக்காருங்க. அந்த ஒப்பந்தம் இப்ப இல்லைண்ணே. முடிஞ்சுபோச்சு.

– செத்துட்டான்னா தானா முடிஞ்சிருமாக்கும்?

– அதுக்கு முந்தியே முடிஞ்சுபோச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் இங்க வந்தான். மிச்சம் இருந்த மொத்தத் தவணையையும் ஒரே தடவையில கட்டிட்டான். எனக்குத் தரவேண்டியதையும் குடுத்துட்டான்.

– கட்டிட்டானா? முழுசாவா?

– முழுசா.

– அட, இதையா நீ என்கிட்ட மறைச்சே? இது அந்தத் தாளை விட நல்ல சேதியாச்சே. பாத்துக்க, அவங்கம்மா சொன்னது அவனைச் சுட்டிருக்கு. ரோஷக்காரன்லா. கடனை அடைச்சுட்டு, தலை நிமிந்து கரித்துண்டோட வந்து அவ முன்னால நிக்கணும்னு நெனைச்சிருக்கான். அப்படித்தானே? நீ ஏன் மூஞ்சியைத் திருப்புதே?

– டீ ஆறுதுண்ணே.

– டீ கிடக்கட்டும். அவ்வளவு பணம் அவனுக்கு ஏது?

– வேனை வித்துட்டான்.

– ஒர்க்ஷாப்புல கிடக்குன்னான் எங்கிட்ட. அந்தத் தகரடப்பாவை வித்தா பாதிக்குக்கூடக் காணாதே. மிச்சம் எங்கேருந்து வந்துச்சு?

– விடுங்கண்ணே.

– ரோனா. எங்கேருந்து வந்துச்சு?

– நண்டுக்கூடுகளை வித்துட்டான்.

– பழசையா?

– எல்லாத்தையும். கூடு, கயிறு, மிதவை ஒண்ணு பாக்கியில்லை. பக்கத்துத் துறைமுகத்துக்காரர் ஒருத்தர் வியாழக்கிழமை மத்தியானம் லாரி கொண்டுவந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு.

– வியாழக்கிழமை மத்தியானமா?

– ஆமாண்ணே.

– வெள்ளிக்கிழமை காலையில, கூடு போட்டுட்டு வாரேன்ப்பான்னு தெருவுல நின்னு எங்கிட்ட சொன்னானே. நான் சன்னல்லேர்ந்து கையைக் காட்டினேன். அவனும் காட்டினான்.

– தெரியும்ண்ணே.

– படகு கிடைச்சப்ப அதுல ஒரு கூடு கூட இல்ல. எல்லாத்தையும் போட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் போயிருக்கான்னு நெனைச்சேன். நாப்பது வருசம் கடலுக்குப் போனவன் நான். கூடு கிடக்கற இடத்தைக் காட்டுற மிதவை ஒண்ணாவது கண்ணுல படுதான்னு தேடிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

– யாருக்குமே தோணலைண்ணே.

– அப்ப கயிறும் இல்ல.

– இல்லை.

– கூடே இல்லாம எங்கடே போனே, எம்மக்கா. என்னத்துக்குடே போனே.

– அழுங்கண்ணே. இங்க யாரும் வரமாட்டாங்க. கதவைச் சாத்திட்டேன்.

– சாப்பாட்டைப் பாதியில வெச்சிட்டு எந்திரிச்சுப் போனான். ஒரு வார்த்தை, நில்லுலேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நான் கிழங்கைத் தின்னுக்கிட்டிருந்தேன்.

– உங்க மேல தப்பில்லை. அக்கா மேலயும் இல்லை. வருசா வருசம் எல்லா அம்மாவும் சொல்ற வார்த்தைதானே அது. எங்கம்மா என்னை எத்தனை தடவை சொல்லியிருப்பாங்க.

– அவ தாங்கமாட்டா. இது தெரிஞ்சா அன்னிக்கே செத்துருவா. ரோனா, அந்தப் பழைய தாள் உங்கிட்ட இருக்குல்ல?

– இருக்கு. ஆனா அது தீந்துபோன தாளுண்ணே.

– தீந்துபோச்சுன்னு அதுல எழுதியிருக்கா?

– அதுல எழுதலை.

– அப்ப அதைக் குடு. அந்த மார்ச்சு வரைக்கும்னு போட்டிருக்கற பக்கம் மட்டும் போதும். அதை அவ மடியில வெச்சுட்டு, கயித்தாலதான் போனான்னு சொல்லிக்கிடுதேன். மிச்சத்தை நான் சுமந்துக்கிடுதேன். எனக்கு முதுகு பெருசு. கூடு வித்த கதை என்னிக்கும் ஈஃபி காதுக்குப் போகக்கூடாது. உங்கப்பன் மேல சத்தியம் பண்ணு.

– அந்தச் சத்தியத்தை என்னால பண்ண முடியாதுண்ணே.

– ஏன் முடியாது? ஒரு கிழவன் கெஞ்சுதேன்.

– ஏன்னா இதே நாற்காலியில உக்காந்து எங்கிட்ட ஏற்கெனவே ஒருத்தர் சத்தியம் வாங்கிட்டாங்க, அதைத்தான் இப்ப உடைச்சுட்டு நிக்கறேன். கூடு வாங்கினவரோட சம்சாரம் துக்கம் கேக்க வந்த அன்னிக்கே ஈஃபி அக்காவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நேரா இங்க வந்து, ‘அந்த மனுசன் கயித்தாலதான்னு நம்பிக்கிட்டிருக்காரு, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்’னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வாயைத் திறந்தா உளறிடுவோமோங்கற பயத்துலதான்ண்ணே அவங்க உங்ககிட்ட பேசறதே இல்லை.