பாம்பை முழுகவார்த்தவர்

லாசால் பகுதியில் இருந்து மெட்ரோ ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில், மடியில் குழந்தையோடு இருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்:

"பாம்பை முழுகவார்த்துப்போட்டு வாறன். அதுதான் பிந்திப்போச்சு."

இளையவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். "என்ன பாம்பக்கா?"

"ஜூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறுற நாள், மேல்வீட்டிலையிருந்து மாறின பெடியன் கண்ணாடிப் பெட்டியோடை விட்டிட்டுப் போட்டான். எலும்பும் தோலும். உரியாத பழைய தோல் கண்ணை மூடிக் கிடந்தது. நான் சாமியறையிலை வைச்சுப் பால் குடுத்தன். மிருக வைத்தியர் சிரிச்சா. பால் வேண்டாம், இளஞ்சுடுதண்ணியிலை ஊறவிடு எண்டா."

"பயமில்லையே?"

"பயந்தான். எண்டாலும் முழங்கையை வைச்சுத் தண்ணியிலை சூடு பாத்தன். பிள்ளைக்குப் பாக்கிறேல்லையே, அப்பிடி."

நான் என் குழந்தையின் குளியல் தண்ணீரை வெப்பமானி வைத்து இரண்டு தடவை பார்த்தும் நம்பாதவள்.

"இண்டைக்குத்தான் கண்ணிலையிருந்த தோல் கழண்டது. இனிச் சாப்பிட்டால்தான் தப்பும். இப்ப வீட்டிலை மனுசன் எலி வைக்கிறேர்."

"எலியோ! எங்கை வைச்சிருக்கிறியள்?"

"பிரீசரிலை."

"நீங்கள் முட்டைகூடத் தொடாத சைவமெல்லோ!"

"அதுக்கு? அது சைவமில்லையே."

மூத்தவரின் கைப்பேசி அடித்தது. அவர் எழும்பியே விட்டார்.

"விழுங்கிட்டுதோ? வடிவாப் பாருங்கோ. வாலும் உள்ளை போட்டுதோ?"

பஸ்ஸில் தமிழ் தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைப்பேசியை மூடிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காலமையிலயிருந்து நானும் ஒண்டும் சாப்பிடேல்லையடி. உன்ரை பையிலை என்ன கிடக்கு?"