மீனுக்கு அவ்வளவுதான் மூளை

கிழக்கேகோட்டையில் ஏறிய பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு அம்மா, அவள் மகள், மகளின் தோழி. மகள் மடியில் பாலிதீன் பை நிறைய கப்பி மீன்கள், காலேஜ் புராஜெக்டுக்காம். காதை மூடிக்கொள்ள எனக்கும் ஆசைதான்; அந்த அம்மாவின் குரல் விடவில்லை.

மகள் விளக்கிக்கொண்டிருந்தாள்: "ஆண்மீன் பக்கத்துல வேறொரு பெண்மீன் நின்னா போறும்மா. அதுவரைக்கும் திரும்பியே பாக்காதவளும் அவனைத்தான் தேடிப் போவா."

"அய்யே! சொந்த புத்தியே கிடையாதா?"

"நிஜ மீன்கூட வேண்டாம். ஒரு பொம்மை மீனை வச்சாலே ஏமாந்துடும்."

"மீனுக்கு அவ்வளவுதான் மூளை."

பாளையம் தாண்டியதும் மகள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நீ வேண்டாம்னயே, அந்த பாங்க் பையன், அவாத்துக்கு நம்ம எதிராத்து மாமி தன் பொண்ணு ஜாதகத்தோட போனாளாம்."

"யாரு, அவளா!"

அம்மா மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பையன் கறுப்பானா என்னடி? முகத்துல நல்ல களை."

"கறுப்புன்னு சொல்ல முடியாம, ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லி அனுப்பிட்டயேம்மா."

"ஜோசியரை இன்னொரு தரம் பாக்கச் சொல்றேன். பொருந்தும்."

ஸ்டாப் வந்தது. அம்மா முதலில் எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். தோழி ரகசியமாகக் கேட்டாள்: "எதிராத்து மாமி நிஜமாவே போனாளாடீ?"

மகள் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"பொம்மை மீன்."