கந்தற் கூட்டம் களம் கண்ட கதை

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, கையில் மணிக்கூட்டையும் முகத்தில் கண்டிப்பையும் ஏந்தி அமர்ந்திருக்கும் கழகத் தலைவர் திருவாளர் கிளெமென்ற் அவர்களே, வார நாட்களில் கோப்புகளோடும் கணினிகளோடும் மல்லுக்கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் அரக்கர்களோடும் அரசர்களோடும் போர் புரியும் கழக உறுப்பினர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்தும் பொரளையிலிருந்தும் பஸ்ஸில் நின்றபடி வந்து இங்கே இருக்கை கண்ட பெரியோர்களே, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்து அகப்பட்டுக்கொண்ட தாய்மார்களே, மண்டபத்து மின்விசிறி இரண்டையும் என் பக்கம் திருப்பிவைத்து உங்களை வியர்க்கவிட்டிருக்கும் அன்பு உள்ளங்களே, உங்கள் அனைவருக்கும் சிவமணி இராஜநாயகத்தின் பணிவான வணக்கம். ஒரு விசிறியையாவது சபையின் பக்கம் திருப்பிவிடுங்கள். நான் பேச வந்தவள், காயப்போட்ட சேலை அல்ல.

கழகத்தின் ஆண்டு விழாவில் என் அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி தலைவர் கேட்டார். வயது போனவர்களிடம் எல்லோரும் அனுபவத்தைத்தான் கேட்கிறார்கள். மன்னிக்க வேண்டும், தலைவர் அவர்களே. நான் என் படையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே நடப்பது மேசைப்போர். பெருவிரல் உயரத்துப் பொம்மைகள்தான் படைகள். குதிரை வீரன் இருப்பான், பூதம் இருக்கும், சிறகு விரித்த பறவைநாகம் இருக்கும். கடையிலிருந்து வரும்போது எல்லாம் சாம்பல் நிற பிளாஸ்ரிக். நிறம் தீட்டுவது அவரவர் பொறுப்பு. பிறகு மேசையில் மலையும் ஆறும் அமைத்து, நாடாவால் தூரம் அளந்து, பகடை எறிந்து மோதுவார்கள். இந்தக் கழகத்தில் ஒரு சட்டம் உண்டு. நிறம் தீட்டாத பொம்மை களத்தில் நிற்கக்கூடாது. தீட்டிய பொம்மையும் தான் யார் என்று பார்த்தவுடன் சொல்ல வேண்டும். சொல்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் கண் திரு. கிளெமென்றுடையது. துறைமுகத்தில் நெடுங்காலம் பொதி பரிசோதித்த கண் அது. அதற்கு இரக்கம் கிடையாது.

இந்த வயதில் எனக்கு இங்கே என்ன வேலை? கேட்க வேண்டிய கேள்வி. முன்வரிசைத் தாயொருவரின் முகத்திலேயே அது எழுதியிருக்கிறது.

என் கணவர் இராஜநாயகமும் நானும் மாலை தவறாமல் சீட்டு விளையாடியவர்கள். முந்நூற்றுநாலு. அயல்வீட்டாரைச் சேர்த்துக்கொண்டாலும் நாங்கள் இருவரும் எதிரெதிர் அணியில்தான் இருப்போம். மனைவி என்று அவர் ஒரு துரும்பைக்கூட விட்டுத்தந்ததில்லை. கணவர் என்று நானும் விட்டதில்லை. அவர் போன பிறகு என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் எனக்கு நல்லவர்களாகிவிட்டார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். மருந்து குடித்தீர்களா என்று கேட்டார்கள். நான் தவறாகச் சொன்னால் தலையாட்டினார்கள். நான் சரியாகச் சொன்னாலும் அதே தலையாட்டல்தான். மெல்பேர்னில் இருக்கும் பேரப்பிள்ளைகள் தொலைபேசித் திரையில் விளையாடி, என்னை வெல்லவிட்டுக் கைதட்டினார்கள். அன்பு நிறைந்த வீடு, எதிர்ப்பே இல்லாத வீடு. எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை, சபையோரே. எனக்கு ஓர் எதிராளி தேவைப்பட்டது.

ஒரு ஞாயிறு பின்னேரம், கடற்கரைப் பக்கம் இறங்கும் இந்த ஒழுங்கையால் நடந்து வந்தேன். இந்த யன்னலுக்குள்ளிருந்து பெரும் வாக்குவாதம். சுவருக்குப் பின்னால் நிற்கும் பூதத்தைப் பறவைநாகத்தால் பார்க்க முடியுமா, முடியாதா? வளர்ந்த ஆண்கள், வேலையுள்ள ஆண்கள், சிலர் தலைநரைத்த ஆண்கள், ஒருவருக்கொருவர் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் என் காதுக்கு நாதஸ்வரமாக இருந்தது. உள்ளே வந்தேன்.

உடனே நாற்காலி வந்தது. தின்னப் பற்றீஸ் வந்தது. விசிறி திரும்பியது. பார்த்துக்கொண்டிருங்கள் என்றார்கள். பார்க்க வரவில்லை, விளையாட வந்தேன், எனக்கொரு படை தாருங்கள் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், யாரும் விரும்பாத ஒரு பெட்டி அலுமாரிக்கு மேலிருந்து இறங்கியது.

அந்தப் பெட்டிக்குள் இருந்ததுதான் கந்தற் கூட்டம். கற்பனை நாட்டின் அரண்மனை வாசலில் திரண்ட ஏழைச் சனம். வாள் இல்லை, அகப்பை இருந்தது. கேடயம் இல்லை, வீட்டுக் கதவைக் கழற்றிப் பிடித்திருந்தான் ஒருவன். கக்கத்தில் வாத்தோடு ஒரு பெண். துடுப்போடு ஒரு படகோட்டி. பூதத்துக்குப் பிறந்ததோ மனிதனுக்குப் பிறந்ததோ தெரியாத நீளக்காதர்கள் சிலர். பலம் குறைந்த படை, பயந்து ஓடும் படை, பாதிப் பேர் விழுந்தால் மீதிப் பேர் நிற்பதா ஓடுவதா என்று பகடை எறிந்து பார்க்க வேண்டிய படை. "நல்லா நேரம் போகும், அன்டி" என்றார் ஷிராஸ். அதோ மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர்தான். புதுக்கடை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு முழங்கும் சட்டத்தரணி. நிமிருங்கள் ஷிராஸ், இன்னும் வழக்கு முடியவில்லை.

நான் கன்னியர் மடத்துப் பாடசாலையில் படித்தவள். தையல் வகுப்பில் சிஸ்டர் மர அடிமட்டத்தைக் கையில் பிடித்தபடி வருவார். ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரிந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். அந்தக் கையோடு பூதக்கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்தேன். மயிரிழைத் தூரிகையால் ஒவ்வொருவருக்கும் வெள்ளைச் சட்டை தீட்டினேன். பொத்தான் வைத்தேன். நடுவகிடு எடுத்தேன். கிழிசல்களை எல்லாம் துணியின் நிறத்தாலேயே மூடி, கிழிந்ததே தெரியாமல் செய்தேன். வாத்துக்கும் அலகு துடைத்துவிட்டேன். ஆண்டிறுதிப் போட்டிக்குச் சில வாரங்கள் இருந்தபோது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொண்டுவந்து வைத்தேன்.

திரு. கிளெமென்ற் நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "மிஸிஸ் இராஜநாயகம், பெயின்ற் வேலையில ஒரு பிழை சொல்ல ஏலாது. ஆனா இது கந்தல் கூட்டம் இல்ல. வெள்ளை உடுத்து சேர்ச்சுக்கு முதல் நன்மை எடுக்கப் போற பிள்ளைகள்."

சிரியுங்கள். அன்றும் இப்படித்தான் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறு. பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னது கேட்டது. வயசானவ தானே, பாஸ் பண்ணி விடுங்க. கேட்டீர்களா? சட்டம் எல்லோருக்கும் சட்டம், எனக்கு மட்டும் சலுகை. களம் எல்லோருக்கும் களம், எனக்கு மட்டும் கருணை. அந்த வழியால் உள்ளே போனால், அந்தக் களத்தில் எனக்கு எதிரே நிற்பவர் யாரும் எதிராளியாக இருப்பாரா? பெட்டியை மூடினேன். சரியாகச் செய்துகொண்டு வருகிறேன், அதுவரை பாஸ் பண்ண வேண்டாம் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. "ஓம், பண்ண மாட்டன்" என்றார். அதற்காக அவரை அன்றிலிருந்து மதிக்கிறேன்.

அடுத்த பிளட்டில் இருப்பவர் என் சிநேகிதி பலீலா. காலி வீதியில் துணிக்கடை வைத்து, எவர் வாய்க்கும் பயப்படாமல் வாழ்பவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "கந்தலயும் அயன் பண்ணி உடுத்தீக்கிறாங்களே" என்றார். சரி, அழுக்கு வேண்டும், அவ்வளவுதானே? கபில நிறத்தை நீராகக் கரைத்து எல்லோர் தலையிலும் ஊற்றினேன். காய்ந்ததும் பலீலா மறுபடி வந்தார். "இப்ப என்ன, எல்லாரும் ஒரே ஊத்தத் தண்ணிக் கானுக்குள்ள உழுந்துட்டாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அழுக்கை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை, அது என் வீட்டுக்குள் வந்ததும் இல்லை என்றேன். பலீலா சிரிப்பை நிறுத்தவேயில்லை. "அப்ப காஸுக்குப் போலிம்ல நிண்ட அண்டைக்கி நீங்க எப்பிடி ஈந்தீங்க, சிவமணி? நான் பக்கத்துல தானே நிண்ட."

சபையோரே, காஸுக்கு வரிசையில் நின்ற அந்த வருடத்தை உங்களில் யார் மறந்தீர்கள்? வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியில் கோத்துவிட்டு, வெயிலுக்குள் நகராத வரிசையில் நகரமே நின்றதே. கஞ்சி போட்ட சேலையோடு நானும் போய் நின்றேன். வரிசையை நேராக்கச் சொல்லி முன்னும் பின்னும் உத்தரவிட்டேன். மத்தியானம் திரும்பியபோது எப்படி இருந்தேன்? சேலைக் கரையில் வீதித் தார். சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்த இடுப்பில் செம்மஞ்சள் துருக்கறை. வார் அறுந்த செருப்பில் ஊசி. எனக்கு முன்னால் நின்ற மீன் வியாபாரியின் கால்சட்டையில் முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது. பேக்கரிக்காரருக்கு முழங்கையில் மா. மூட்டை சுமப்பவருக்கு ஒரு தோள் மட்டும் வெளுத்திருந்தது. எல்லோரும் அழுக்காக இருந்தோம். இருவர் கூட ஒரே மாதிரி அழுக்காக இருக்கவில்லை.

பலீலா கேட்ட பிறகுதான் விளங்கியது. அழுக்குக்கு முகவரி உண்டு. கறை என்பது கவலையீனம் அல்ல. இந்த மனிதன் இன்று எங்கே குனிந்தான், எதைச் சுமந்தான், யாருக்காக நின்றான் என்பதன் சாட்சி. அந்தச் சாட்சியைச் சலவை செய்துவிட்டு, வெறும் பொம்மையை வைத்திருந்தேன் நான்.

பூச்சை எல்லாம் கழுவி மறுபடி தொடங்கினேன். ஒவ்வொருவரையும் கையில் எடுத்துக் கேட்டேன்: நீ யார், எங்கேயிருந்து வருகிறாய்? அகப்பைக்காரிக்கு முன்பக்கம் மட்டும் கரி, முதுகு சுத்தம். அடுப்புக்கு யாரும் முதுகு காட்டிச் சமைப்பதில்லை. படகோட்டிக்கு முழங்கால் வரை உப்பு. கதவு தூக்கியவனின் தோளில், அவன் கதவின் நீலமே உரசி ஒட்டியிருந்தது. வாத்துக்காரியின் கையில் வாத்து என்ன செய்திருக்கும் என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிழிசல்களுக்கு ஒட்டுப் போட்டேன். இம்முறை சிவப்பு நூலால், தையல் தெரியத் தெரியப் போட்டேன். வேறு நூல் இல்லாத வீட்டில் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டு, தலை குனியாமல் வெளியே வருகிறவனுக்கு அந்த ஒட்டுத்தான் பதக்கம். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியின் இடுப்பில் துருக்கறை இருக்கிறது. யார் என்று கேட்கவேண்டாம்.

போட்டிக்கு முதல் ஞாயிறு கொண்டுவந்து வைத்தேன். திரு. கிளெமென்ற் பூதக்கண்ணாடியை எடுத்தார். மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"இந்த ஆள்ட வீட்டுக் கதவு நீலமா?"

"ஓம்" என்றேன்.

"போகட்டும் களத்துக்கு."

இனிப் போரைக் கேளுங்கள். எதிரே ஷிராஸின் வெள்ளிக் கவசக் குதிரைப்படை. மின்னுகிறது, மிரட்டுகிறது. ஆற்றுப் பாலத்தில் என் கந்தற் கூட்டம். ஆட்டம் முடியும் வரை பாலத்தை விடாமலிருந்தால் வெற்றி எனக்கு. ஆனால் என்ன விந்தை! குதிரைகள் பாய்ந்து வருகின்றன, பாலத்துக்குக் கிட்ட வந்ததும் நின்றுவிடுகின்றன. ஷிராஸ் அளந்து பார்த்துவிட்டு, எட்டவில்லை அன்டி என்கிறார். அடுத்த சுற்றிலும் எட்டவில்லை. என் பகடை குறைவாக விழுந்தால், மேசை ஆடிவிட்டது, திரும்ப எறியுங்கள் என்கிறார். சுற்றி நின்றவர்கள் புன்னகைக்கிறார்கள். எவ்வளவு அன்பான மனிதர்கள். எனக்கு மூச்சு முட்டியது.

கைப்பையிலிருந்து என் தையல் நாடாவை எடுத்தேன். அளந்தேன். தாராளமாக எட்டியது.

"ஷிராஸ், கோட்டிலயும் இப்பிடித்தான் எதிர்ப்பக்கத்துக்கு வழக்கை விட்டுக் குடுக்கிறனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்ல அன்டி, ஒரு மரியாதக்கித் தான்..."

"மரியாதை எண்டால் அடியுங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்தார். பகடையை எடுத்தார். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். என்ன பாய்ச்சல், என்ன வேகம்! என் முன்வரிசை சரிந்தது. படகோட்டி விழுந்தான். அகப்பைக்காரி விழுந்தாள். கூட்டத்தில் பாதி போய்விட்டது. இனி நிற்பார்களா, ஓடுவார்களா? பகடை எறிந்தேன். நின்றார்கள். மறுபடி பாய்ந்தார். மறுபடி எறிந்தேன். நின்றார்கள். வெள்ளிக் கவசத்தின் முன்னே கிழிந்த சட்டை நின்றது. ஈட்டியின் முன்னே வீட்டுக் கதவு நின்றது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து மேசையைச் சுற்றி நின்றார்கள்.

என்ன கேட்கிறீர்கள், பின்வரிசையில்? வென்றேனா? இல்லை, ஐயா. கடைசிச் சுற்றில் கதவுக்காரனும் விழுந்தான், பாலம் பறிபோனது. முழுத் தோல்வி. ஒப்புக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஷிராஸ் என்ன சொன்னார் தெரியுமா? "அடுத்த முற அந்தக் கதவுக்காரன நான் மொதலாவதே முடிப்பேன், பாருங்க." அன்டி என்று சேர்க்கவும் மறந்துபோனார். இராஜநாயகம் போன பிறகு, என்னை ஒருவர் மிரட்டியது அன்றுதான். வீட்டுக்குப் போய், சீனி போட்டு ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்தேன். நிம்மதியாக உறங்கினேன்.

பெரியோர்களே, உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பெறவேண்டியது எது? இன்னொரு நாற்காலியா? இன்னொரு தலையணையா? உங்கள் சொல்லுக்கு மறுசொல் கேளுங்கள். உங்கள் நகர்வுக்கு எதிர்நகர்வு கேளுங்கள். பிள்ளைகளே, முதியவர்களை வணங்குகிறீர்கள், நல்லது. வணங்கிவிட்டு நிமிர்ந்து ஒருமுறை எதிர்த்தும் பாருங்கள். தாய்மார்களே, இந்த மேசையிலிருந்து உங்கள் பிள்ளை விரலெல்லாம் நிறத்தோடு வீட்டுக்கு வந்தால், கழுவுவதற்கு முன் அது என்ன நிறம் என்று கேளுங்கள். நகரம் நின்ற வரிசைகளில் நாம் எல்லோரும் கந்தற் கூட்டமாகத்தான் நின்றோம். ஓடவில்லை. நின்றோம். நிற்கத் தெரிந்த கூட்டத்துக்குக் கவசம் பிறகு வரும், சபையோரே. களம்தான் முதலில் வேண்டும்.

தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஓம், முடிக்கிறேன். அவருக்குப் பக்கத்தில், தட்டத்தில் ஒரு பொன்னாடை மடித்து வைத்திருப்பது எனக்குத் தெரிகிறது. நல்ல துணி, பலீலா கடையில் எடுத்ததாக இருக்கும். கோபிக்க வேண்டாம், அதை எனக்குப் போர்த்தாதீர்கள். பொன்னாடைக்குள் கை சிக்கினால் பகடை எறிய வராது. சரியாகும் வரை என் படையைக் களத்துக்கு விடாத கண்டிப்புக்கும், கேட்டதும் முழுப் பலத்தோடு என்னை வீழ்த்திய பண்புக்கும், இவ்வளவு நேரம் வியர்த்துக்கொண்டு கேட்ட பொறுமைக்கும் என் மனமார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

ஷிராஸ், எழும்புங்கோ. மேசை காத்திருக்குது.